அறக்கட்டளைக்கு டொமைன் பதிவு: வீட்டு முகவரி வெளியே போகாமல் பார்த்துக்கொள்ள முழுமையான வழிகாட்டி

சின்னத் தொண்டு அமைப்புகளில் இணையதளம் பிறக்கிற விதம் ஏறக்குறைய ஒன்றுதான். கூட்டத்தில் ஒருவர் "நமக்கும் ஒரு வெப்சைட் வேண்டும்" என்பார். எல்லார் பார்வையும் கம்ப்யூட்டர் தெரிந்த ஓர் ஆள் மேல் போய் நிற்கும். அவர் அன்று இரவே உட்கார்ந்து டொமைன், அதாவது தளத்துக்கான இணைய முகவரிப் பெயர், வாங்கிவிடுவார். படிவம் பெயர் கேட்கும். தன் பெயரைப் போடுவார். முகவரி கேட்கும், வீட்டு முகவரி. கைப்பேசி எண், மின்னஞ்சல், பணம் கட்டும் அட்டை எல்லாமே அவருடையவை. பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். மறுநாள் பாராட்டும் கிடைக்கும்.

அந்த ஆளாக நானும் ஒரு காலத்தில் இருந்திருக்கிறேன். பதிவு செய்த மறுநாள் காலையிலேயே போன் அடிக்கத் தொடங்கிவிட்டது. "புது டொமைன் எடுத்திருக்கிறீர்களே சார், சைட் நாங்கள் செய்து தரட்டுமா?" என் முழுப் பெயரையும் டொமைன் பெயரையும் சொல்லித்தான் பேச்சை ஆரம்பித்தார்கள். நான் உதவியது மரம் நடுகிற ஓர் அமைப்புக்கு. அதனால் விஷயம் எரிச்சலோடு போயிற்று. வீட்டில் அடிபட்டுத் தப்பி வந்த பெண்களுக்குப் புகலிடம் தருகிற அமைப்பாக அது இருந்திருந்தால், மனைவியைத் தேடி அலைகிற ஒருவன் கையில் என் வீட்டு முகவரி கிடைத்திருக்கும்.

அமைப்பு ஊரறிய இருக்க வேண்டியதுதான். நன்கொடை கேட்கிறவர்கள் யார், எங்கே பதிவானவர்கள் என்று மக்களுக்குத் தெரிய வேண்டும். அதை நடத்துகிறவரின் வீட்டு வாசல் தெரிய வேண்டியதில்லை. இந்த இரண்டையும் பிரித்து வைப்பதுதான் வேலை. "பிரைவசி" என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டால் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த டிக் இரண்டாம் வரிசைப் பாதுகாப்புதான். தனிப்பட்ட விவரத்தை முதலில் படிவத்துக்குள்ளேயே விடாமல் இருப்பதுதான் முதல் வரிசை.

உங்கள் விவரம் எங்கே போகிறது

நீங்கள் பணம் கட்டுவது ரெஜிஸ்ட்ரார் என்ற பதிவு நிறுவனத்திடம். அதற்கு மேலே ஒவ்வொரு நீட்சிக்கும், அதாவது டொமைனின் கடைசியில் வரும் டாட் காம், டாட் ஆர்க் போன்ற பகுதிக்கும், மொத்தப் பதிவேட்டை நடத்துகிற ஒரு ரெஜிஸ்ட்ரி உண்டு. டாட் ஆர்க்கை 2003 முதல் நடத்துவது பப்ளிக் இன்ட்ரஸ்ட் ரெஜிஸ்ட்ரி என்ற லாப நோக்கற்ற நிறுவனம். டாட் காம், டாட் ஆர்க் போன்ற பொது நீட்சிகளுக்கு விதி வகுப்பது ஐகான் என்ற சர்வதேச அமைப்பு.

டொமைன் யாருடையது என்று எவரும் கேட்டுப் பார்க்க ஹூஇஸ் என்ற ஏற்பாடு இருந்தது. அதன் வேர் 1982 வரை போகிறது. வலையில் இருந்த எல்லாரும் ஒருவரையொருவர் அறிந்த சின்ன உலகத்துக்காகச் செய்தது அது. பிறகு கோடிக்கணக்கான டொமைன்கள் வந்தன, ஏற்பாடு மட்டும் மாறவில்லை. பெயர், தெரு, போன், மின்னஞ்சல் எல்லாம் திறந்து கிடந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிடிபிஆர் என்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே 25 அன்று அமலுக்கு வந்தபோதுதான் நிலைமை மாறியது. அதற்கு ஒரு வாரம் முன்பு, மே 17 அன்று, ஐகான் அவசரமாக ஒரு தற்காலிக விதியைக் கொண்டுவந்தது. அதன்பின் பெரும்பாலான ரெஜிஸ்ட்ரார்கள் தனிப்பட்ட விவரங்களை மறைத்தே காட்டுகிறார்கள். 2025 ஜனவரி 28 முதல் பொது நீட்சிகளுக்கு ஹூஇஸ் கட்டாயமில்லை; ஆர்டிஏபி என்ற புதிய முறை அந்த இடத்துக்கு வந்துவிட்டது.

"இப்போதுதான் தானாகவே மறைத்துவிடுகிறார்களே, பிறகென்ன?" என்று கேட்கலாம். மறைப்பு எல்லா நீட்சிக்கும் பொருந்தாது. நாடுகளுக்குரிய இரண்டெழுத்து நீட்சிகளுக்கு அந்தந்த நாட்டு விதிதான். அமெரிக்காவின் டாட் யுஎஸ் பதிவில், விவரத்தை மறைத்துத் தருகிற மறைப்புச் சேவைக்கே அனுமதியில்லை. பெயரும் முகவரியும் பொதுவில் நிற்கும். பொது நீட்சிகளிலும் எல்லாம் மறைவதில்லை. நாடு, மாநிலம், பதிவான தேதி, காலாவதி தேதி, டொமைனைத் தளத்தோடு இணைக்கும் நேம் சர்வர் எல்லாம் தெரியும். மறைந்த விவரமும் அழிந்துவிடவில்லை, ரெஜிஸ்ட்ராரின் கணினியில் பத்திரமாக இருக்கிறது. வழக்கு, பிராண்டு உரிமைத் தகராறு, காவல்துறைக் கோரிக்கை என்று தக்க காரணத்தோடு வருபவர்கள் கேட்டு வாங்க வழியுண்டு. அப்படிக் கேட்பதற்கென்றே 2023 நவம்பரில் ஐகான் ஒரு பொது வாயிலையும் திறந்தது. ரெஜிஸ்ட்ராரிடமிருந்து தகவல் திருடு போனால் வெளிவருவதும் இதே விவரம்தான்.

படி 1: படிவத்தைத் திறப்பதற்கு முன்

பெயர், முகவரி, போன், மின்னஞ்சல். இந்த நான்கையும் தயாராக வைத்துக்கொண்டுதான் ரெஜிஸ்ட்ரார் தளத்துக்குள் போக வேண்டும். போனபிறகு யோசித்தால் கை தானாக வீட்டு முகவரியைத்தான் அடிக்கும். பிரவுசரே அதை நிரப்பிக் கொடுத்துவிடும்.

நான்கில் அதிகம் காலை வாருவது மின்னஞ்சல்தான். செயலாளர் மாறினாலும் மாறாத ஒரு பொதுப் பெட்டி வேண்டும். "நிர்வாகம்", "டொமைன்" என்பது போல ஒரு பொறுப்பின் பெயரில் இருக்கலாம். தனிப்பட்ட முகவரியைப் போடாதீர்கள் என்று சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. ஒரு மின்னஞ்சலைக் கொடுத்தால் அதே மின்னஞ்சலில் பதிவான மற்ற டொமைன்களையெல்லாம் கொட்டுகிற தேடல் சேவைகள் இருக்கின்றன. பத்து வருடத்துக்கு முன் விளையாட்டாகத் தொடங்கிய வலைப்பூவும் பக்கத் தொழிலும் அறக்கட்டளையும் ஒரே நூலில் கோத்துக்கொண்டு வரும்.

அந்தப் பொது மின்னஞ்சலை, நீங்கள் வாங்கப்போகிற அதே டொமைனில் வைக்காதீர்கள். இதை இரண்டு தடவை படியுங்கள். டொமைன் காலாவதியானால் அதன் மின்னஞ்சலும் சேர்ந்து செத்துவிடும். "புதுப்பிக்கவில்லை, உடனே பணம் கட்டுங்கள்" என்ற கடிதம், அந்தச் செத்த பெட்டிக்குத்தான் வரும். பாஸ்வேர்டை மீட்கும் இணைப்பும் அங்கேயேதான் போகும். சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திய கதை. ஜிமெயில், புரோட்டான் மெயில் மாதிரி எங்காவது அமைப்பின் பெயரில் தனியாக ஒரு கணக்கு திறந்து, இரண்டு பொறுப்பாளர்கள் பார்க்கும்படி வையுங்கள். தளத்தில் போடுகிற தொடர்பு மின்னஞ்சல் வேறு, இது வேறு. இதை வெளியே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

முகவரிக்கு அலுவலகம் இருந்தால் பிரச்சினையே இல்லை. இல்லாத அமைப்புகள்தான் அதிகம். அஞ்சல் பெட்டி, கடிதங்களைப் பெற்று அனுப்பித் தரும் சேவை, சம்மதம் தந்தால் உங்கள் கணக்குத் தணிக்கையாளர் அல்லது வழக்கறிஞரின் அலுவலகம், இவற்றில் ஒன்று அமையும். அஞ்சல் பெட்டியை ஏற்றுக்கொள்கிறார்களா என்று ரெஜிஸ்ட்ராரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கடிதம் போட்டால் கைக்கு வந்து சேரும் முகவரியாக இருக்க வேண்டும், அதுதான் அளவுகோல். புகலிடம் நடத்துகிறவர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் எச்சரிக்கை: புகலிடத்தின் முகவரி எந்தப் படிவத்திலும், மறைப்பு இருந்தாலும்கூட, ஏறக் கூடாது.

போனுக்கு அமைப்பின் பெயரில் ஒரு தனி எண் எடுத்துவிடுங்கள். பழைய கைப்பேசி ஒன்றில் கிடக்கட்டும்.

பெயர் விஷயத்தில், அமைப்பின் பதிவுச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ எழுத்துப் பிசகாமல் அப்படியே. நாளைக்கு டொமைன் யாருடையது என்று தகராறு வந்தால் நீங்கள் நீட்டப்போவது அந்தச் சான்றிதழைத்தான். அமைப்பு இன்னும் பதிவாகவில்லை என்றால் வேறு வழியில்லை, ஒரு தனிநபர் பெயரில்தான் எடுக்க வேண்டும். அப்போது, "இந்த டொமைனை இவர் அமைப்புக்காக வைத்திருக்கிறார், பதிவானதும் அமைப்பின் பெயருக்கு மாற்றுவார்" என்று கூட்டத் தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இப்படி ஒரு தாள் இல்லாமல் நண்பர்கள் முகத்தில் முழிக்காமல் போன கதைகள் நிறைய.

கற்பனைப் பெயரும் இல்லாத தெருவும் போட்டுவிட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். செய்யாதீர்கள். தெரிந்தே தவறான விவரம் தந்தால் டொமைனை முடக்கவும் ரத்து செய்யவும் பதிவு ஒப்பந்தமே இடம் கொடுக்கிறது. உங்களைப் பிடிக்காத யாரும் புகார் கொடுக்கலாம். புகார் வரும் நாள் உங்கள் நிதி திரட்டும் நாளாகவே அமையும்.

படி 2: நீட்சியைத் தேர்ந்தெடுப்பது

டாட் ஆர்க் தொண்டு அமைப்புகளுக்கு மட்டும் என்பது பொதுவான நம்பிக்கை. உண்மையில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஆனாலும் மக்கள் மனத்தில் அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது, தனியுரிமை விதிகளும் தெளிவாக இருக்கின்றன. ஆகவே தயங்குகிறவர்களுக்கு நான் சொல்வது டாட் ஆர்க்தான். டாட் என்ஜிஓ வேண்டுமென்றால் தொண்டு அமைப்பு என்ற தகுதி நிபந்தனை உண்டு. சும்மா எவரும் எடுத்துவிட முடியாது என்பதால் கொஞ்சம் நம்பகம் கூடும். டாட் சாரிட்டியும் இருக்கிறது.

நாட்டு நீட்சி வாங்குவதாக இருந்தால் பணம் கட்டுவதற்கு முன் இரண்டு கேள்விகள்: பதிவு செய்பவரின் எந்தெந்த விவரம் பொதுவில் தெரியும்? மறைப்புச் சேவை அனுமதிக்கப்படுகிறதா? பதில் அந்த நாட்டு ரெஜிஸ்ட்ரியின் தளத்திலேயே இருக்கும். ஒரு குறுக்கு வழியும் உண்டு. அதே நீட்சியில் உங்களைப் போன்ற ஒரு சிறு அமைப்பின் டொமைனைத் தேடிப் பாருங்கள். அவர்களைப் பற்றி என்ன தெரிகிறதோ அதுதான் உங்களைப் பற்றியும் தெரியும்.

டொமைன் பெயரில் நிறுவனரின் பெயரைச் சேர்க்காதீர்கள். இவ்வளவு மறைத்தும் வாசலில் பெயர்ப்பலகை மாட்டியது போல ஆகிவிடும்.

படி 3: ரெஜிஸ்ட்ரார்

விலையைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம். முதல் வருடம் சலுகையில் கொடுத்துவிட்டு இரண்டாம் வருடம் மறைப்புக்குத் தனிக் கட்டணம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கட்டணத்தைக் கட்ட மறந்தால் ஒருநாள் திரை விலகிவிடும், யாருக்கும் தெரியாமல். மறைப்பு இலவசமாகவும் நிரந்தரமாகவும் உள்ள இடமாகப் பாருங்கள். ஒரே கணக்கில் பலருக்குத் தனித்தனி நுழைவு தர முடியுமா, செயலி வழியான இரட்டைச் சரிபார்ப்பு இருக்கிறதா என்பவையும் முக்கியம். ஐகான் அங்கீகாரம் பெற்றதா என்பதை ஐகான் தளத்தின் பட்டியலில் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

வெப்சைட் செய்து தருகிறவரிடமே "டொமைனையும் நீங்களே வாங்கிவிடுங்கள்" என்று விட்டுவிடுவது வசதியாகத்தான் தெரியும். அவர் தன் கணக்கில், தன் பெயரில் வாங்குவார். உங்கள் தனியுரிமை நூற்றுக்கு நூறு காப்பாற்றப்பட்டிருக்கும், டொமைன்தான் உங்களுடையது இல்லை.

படி 4: படிவத்தின் முன்னால்

பிரவுசரைத் தனிமறை (இன்காக்னிடோ) சாளரத்தில் திறந்து, தானியங்கி நிரப்பலை அணைத்துவிட்டு உட்காருங்கள். முதலில் கணக்கு உருவாக்கம். இங்கே கேட்கும் விவரமும் டொமைனுக்குக் கேட்கும் விவரமும் இரண்டு வெவ்வேறு விஷயங்கள். ஆனால் பெரும்பாலான தளங்கள் கணக்கு விவரத்தை அப்படியே டொமைன் விவரமாக நகல் எடுத்துவிடும். ஆக, கணக்கையே அமைப்பின் பொது மின்னஞ்சலில் திறந்துவிடுங்கள்.

அடுத்து "ரெஜிஸ்ட்ரன்ட்", அதாவது டொமைன் உரிமையாளர் பகுதி. பெயர் என்ற கட்டத்திலும் நிறுவனம் என்ற கட்டத்திலும்தான் குழப்பம். நிறுவனம் என்ற கட்டத்தைப் பலர் காலியாக விட்டுவிடுகிறார்கள், அது கட்டாயமில்லை என்பதால். அதைக் காலியாக விட்டால் சட்டப்படி டொமைனுக்கு உரியவர் பெயர்க் கட்டத்தில் இருக்கும் அந்த மனிதர்தான். நிரப்பினால் உரிமை நிறுவனத்துக்குப் போகும். 2025 ஆகஸ்ட் 21 முதல் நடைமுறையில் இருக்கும் ஐகான் பதிவுத் தரவுக் கொள்கை இதைத் தெளிவாகவே சொல்கிறது: நிறுவனக் கட்டத்தில் இருப்பதே உரிமையாளர், அந்தப் பெயர் பொதுவில் காட்டப்படவும் செய்யும். நமக்கு வேண்டியதும் அதுதான். அமைப்பின் பெயர் தெரிவதில் நட்டமில்லை. ஆனால் அந்தக் கட்டத்தில் தப்பித்தவறித் தன் சொந்தப் பெயரைப் போட்டவர் கதை வேறு. மறைய வேண்டிய பெயர் அங்கே பளிச்சென்று நிற்கும்.

தனிநபர் பெயர்க் கட்டத்தில் பொறுப்பின் பெயரை, "டொமைன் நிர்வாகி" என்பது போல, ஏற்றுக்கொள்கிற ரெஜிஸ்ட்ரார்கள் உண்டு. ஏற்கவில்லை என்றால் ஒரு பொறுப்பாளரின் உண்மைப் பெயரைத்தான் தர வேண்டும். பெயர் மட்டும் அவருடையது, மற்ற மூன்றும் அமைப்புடையது. மாநிலம், நாடு என்ற கட்டங்கள் மறைக்கப்படுவதில்லை. அதனால் அமைப்பு பதிவான இடத்தைப் போடுங்கள், நீங்கள் குடியிருக்கும் இடத்தை அல்ல.

கடைசியில் பணம். சொந்த அட்டையில் கட்டிவிட்டு ரசீது வாங்குவதில் பொதுவெளிக் கசிவு எதுவும் இல்லை. ஆனால் ரசீதில் உங்கள் பெயரும் வீட்டு முகவரியும் அச்சாகும், அந்த ரசீது கணக்குத் தணிக்கைக் கோப்புக்குப் போய்ப் பல கைகள் மாறும். தானாகப் புதுப்பிக்கும் வசதியும் உங்கள் அட்டையோடு ஒட்டிக்கொள்ளும். அமைப்பின் வங்கிக் கணக்கு அட்டை கிடைக்கும்வரை ஒரு வாரம் பொறுத்தால் என்ன குடி முழுகிவிடப் போகிறது?

படி 5: பதினைந்து நாள் கெடு

பதிவு முடிந்ததும் ஒரு சரிபார்ப்பு மின்னஞ்சல் வரும். அதிலுள்ள இணைப்பை 15 நாளுக்குள் அழுத்தாவிட்டால் டொமைன் நிறுத்திவைக்கப்படலாம். புதிய பொதுப் பெட்டியை யாரும் திறந்து பார்க்காத முதல் இரண்டு வாரத்தில்தான் இந்த விபத்து நடக்கும். பதிவு செய்த அன்றே முடித்துவிடுங்கள்.

படி 6: திரை இரண்டு வகை

மறைப்புச் சேவை என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே இரண்டு உண்டு. ஒன்றில் உரிமையாளர் பெயர் உங்களுடையதாகவே இருக்கும், முகவரியும் தொடர்பும் மட்டும் சேவை நிறுவனத்துடையதாக மாறும். இன்னொன்று பிராக்ஸி. இதில் பதிவேட்டில் உரிமையாளராகவே அந்தச் சேவை நிறுவனம் நிற்கும். உங்களுக்குப் பயன்படுத்தும் உரிமை ஓர் ஒப்பந்தத்தின் வழியாக வரும்.

பிராக்ஸி கூடுதலாக மறைக்கும். ஆனால் கூடுதலாக நம்பவும் வேண்டியிருக்கும். 2007-இல் ரெஜிஸ்டர்ஃபிளை என்ற ரெஜிஸ்ட்ரார் கவிழ்ந்தது, ஐகான் அதன் அங்கீகாரத்தை ரத்து செய்தது. மறைப்புச் சேவை எடுத்திருந்தவர்களுக்கு "இது என் டொமைன்" என்று நிரூபிப்பதே பெரும்பாடாயிற்று, பதிவேட்டில் அவர்கள் பெயர் இல்லையே. என் கருத்து இதுதான்: பெரும்பாலான அமைப்புகளுக்கு, அமைப்பின் பெயர் தெரிந்து மற்றவை மறைகிற சாதாரண ஏற்பாடே போதும். உயிருக்கு ஆபத்துள்ள பணி செய்கிறவர்கள் பிராக்ஸிக்குப் போகட்டும். போனால் ரசீதுகள், ஒப்பந்தப் பக்கத்தின் நகல், கணக்குப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் தேதியோடு சேமித்து வைக்கட்டும்.

எந்த வகையாக இருந்தாலும், வெளியார் உங்களுக்கு எழுத ஒரு படிவமோ மாற்று மின்னஞ்சலோ திறந்திருக்கும். அதில் வருவது பெரும்பாலும் குப்பைதான். என்றாலும் சட்ட அறிவிப்பும் அதே வழியில்தான் வரும், பார்க்காமல் விட்டுவிட வேண்டாம்.

படி 7: வெளியாள் கண்ணால் பார்ப்பது

ஒரு நாள் கழித்து, ஐகானின் தேடல் பக்கத்தில் உங்கள் டொமைனைப் போட்டுப் பாருங்கள். "ரிடாக்டட் ஃபார் பிரைவசி" (தனியுரிமைக்காக மறைக்கப்பட்டது) என்ற வரியோ சேவை நிறுவனத்தின் பெயரோ தெரிந்தால் நல்லது. சில தளங்களில் அந்த இடம் வெறுமையாகவே இருக்கும், அதுவும் சரிதான். பக்கத்தின் மேல் பகுதியைப் படித்துவிட்டு மூடிவிடாதீர்கள். உரிமையாளர் பகுதியில் எல்லாம் மறைந்திருக்க, கீழே தொழில்நுட்பத் தொடர்பு என்ற பகுதியில் கைப்பேசி எண் அப்படியே நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். பிரவுசரின் தேடும் வசதியில் உங்கள் பெயர், எண், தெருப் பெயர் மூன்றையும் ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே வெளியே போய்விட்டதா?

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பழைய பதிவுகளை நாள்தோறும் நகலெடுத்துக் காசுக்கு விற்கிற நிறுவனங்கள் இருக்கின்றன. ஒருமுறை திறந்து கிடந்த விவரம் அவர்களிடம் இருக்கக்கூடும். இன்று மறைப்பைப் போட்டால் இன்றிலிருந்துதான் மறையும்.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. உரிமையாளர் விவரத்தை அமைப்பின் பெயருக்கும் பொது முகவரிக்கும் மாற்றுங்கள். பெயர், நிறுவனம், மின்னஞ்சல் இவற்றை மாற்றினால் டொமைனை வேறு ரெஜிஸ்ட்ராருக்குக் கொண்டுபோக 60 நாள் தடை விழலாம். ஆகவே ரெஜிஸ்ட்ராரை மாற்றும் எண்ணம் இருந்தால் முதலில் அதை முடித்துவிட்டு, புது இடத்தில் விவரத்தைத் திருத்துங்கள். பழைய கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் மெல்லக் கைவிட முடிந்தால் நகல்களில் கிடக்கும் விவரம் செல்லாக்காசாகிவிடும். வீட்டை மாற்ற முடியாதுதான். அதனால்தான் வீட்டு முகவரியைத் தருவதில் மட்டும் அத்தனை கஞ்சத்தனம் வேண்டும் என்கிறேன்.

டொமைனைத் தாண்டிய ஓட்டைகள்

முன்கதவைப் பூட்டிவிட்டுப் பின்கதவைத் திறந்து போடுவது இங்கேதான் நடக்கிறது.

டொமைன் பெயரைத் தளத்தின் சர்வரோடு இணைக்கும் டிஎன்எஸ் ஏற்பாட்டில், எஸ்ஓஏ என்ற பதிவில் ஒரு நிர்வாகி மின்னஞ்சல் இருக்கும். தளத்துக்கு இடம் தருகிற சில ஹோஸ்டிங் நிறுவனங்கள் கணக்குக்காரரின் மின்னஞ்சலையே அங்கே போட்டுவிடும். அதில் அட் குறிக்குப் பதில் புள்ளி இருக்கும் என்பதால் பார்த்தால் ஏதோ டொமைன் பெயர் போலத் தெரியும், கண்ணில் படாது.

பூட்டு அடையாளம் தருகிற பாதுகாப்புச் சான்றிதழ்கள் எல்லாம் பொதுப் பதிவேடுகளில் ஏறுகின்றன. 2018 ஏப்ரல் 30-க்குப் பிறகு வழங்கும் சான்றிதழ்களுக்கு குரோம் இதைக் கட்டாயமாக்கியது. "உறுப்பினர்", "புகலிடம்", "பழைய தளம்" என்று டொமைனுக்கு முன்னால் ஒட்டும் துணை டொமைன் எதைத் திறந்தாலும், அதற்கெனச் சான்றிதழ் வாங்கிய உடனே அந்தப் பெயர் எவரும் தேடிப் பார்க்கக்கூடியதாகிவிடும். ரகசியமான எதையும் துணை டொமைன் பெயராக வைக்காதீர்கள். எல்லாத் துணைப் பெயருக்கும் பொதுவாக, நட்சத்திரக் குறியோடு வரும் வைல்ட்கார்டு சான்றிதழாக வாங்கினால் தனிப் பெயர்கள் பதிவேட்டில் ஏறாது.

வேர்ட்பிரஸ் என்ற தளம் உருவாக்கும் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள், கட்டுரை வெளியிட்டவரின் பயனர் பெயர் வெளியே தெரியும் என்பதை நினைவில் வையுங்கள். முகவரிப் பட்டையில் தள முகவரிக்குப் பின்னால் ?author=1 என்று அடித்தாலே பல தளங்களில் அது வந்து நின்றுவிடும். அமைப்பின் பெயரில் ஒரு பயனரை உருவாக்கி, பதிவுகளையெல்லாம் அதன் பெயரில் வெளியிடுங்கள்.

பிறகு புகைப்படம். கைப்பேசியில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை ஒளிந்திருக்கக்கூடும். கூட்டம் உங்கள் வீட்டு மாடியில் நடந்திருந்தால், அந்தப் படத்தின் அசல் கோப்பை ஏற்றியவுடன் மேலே சொன்ன பாடெல்லாம் வீண். கேமராவின் இடக்குறிப்பை அணைத்துவிடுங்கள். பழைய படங்களில் அந்தத் தகவலை நீக்கிவிட்டு ஏற்றுங்கள். ஆண்டறிக்கையின் பிடிஎஃப் கோப்பிலும் ஆசிரியர் என்ற இடத்தில் தட்டச்சு செய்தவரின் பெயர் பதிந்திருக்கும். கோப்பின் பண்புகளைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். புகலிடம் நடத்துகிறவர்கள் சுவர், ஜன்னல், எதிர்க்கடைப் பலகை தெரிகிற படங்களையே தவிர்ப்பது நல்லது. படத்திலிருந்து இடத்தைக் கண்டுபிடிப்பதைப் பொழுதுபோக்காகவே செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

சாவியும் புதுப்பித்தலும்

ரெஜிஸ்ட்ரார் கணக்குக்குப் போகிறவன் உங்கள் எல்லா விவரத்தையும் பார்ப்பான், டொமைனையும் கொண்டுபோவான். நீளமான பாஸ்வேர்டு, செயலி வழி இரட்டைச் சரிபார்ப்பு, இரண்டும் கட்டாயம். மீட்புக் குறியீடுகளைத் தாளில் அச்செடுத்து உறையிலிட்டுத் தலைவரிடம் ஒன்றும் பொருளாளரிடம் ஒன்றுமாகக் கொடுத்து வையுங்கள். டொமைனை வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றவிடாமல் தடுக்கும் டிரான்ஸ்ஃபர் லாக் எப்போதும் போட்டே இருக்கட்டும்.

காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் ரெஜிஸ்ட்ரார் நினைவூட்ட வேண்டும் என்பது விதி. டாட் ஆர்க் போன்ற பொது நீட்சிகளில் டொமைன் நீக்கப்பட்டால் மீட்க 30 நாள் உண்டு, அபராதம் போல ஒரு தொகை வாங்கிக்கொண்டு. அதன்பின் ஐந்து நாள் காத்திருப்பு. அதுவும் போனால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். கைவிட்டுப் போன தொண்டு நிறுவன டொமைன்களை எடுத்துச் சூதாட்ட விளம்பரம் போடுகிறவர்கள் காத்திருக்கிறார்கள், ஏனென்றால் அந்தப் பெயருக்குப் பல வருட நம்பிக்கை ஏறியிருக்கிறது. பழைய மின்னஞ்சல் முகவரிகளும் அவர்கள் கைக்குப் போகும். உதவி கேட்டு யாராவது எழுதினால் அந்தக் கடிதத்தை அவர்கள்தான் படிப்பார்கள். முடிந்தால் பல வருடத்துக்குச் சேர்த்துக் கட்டிவிடுங்கள். பத்து வருடம்வரை கட்டலாம்.

அஞ்சலில் விலைப்பட்டியல் போலவே ஒரு தாள் வரலாம். "உங்கள் டொமைன் காலாவதியாகிறது, இந்தத் தொகையைக் கட்டுங்கள்" என்று இருக்கும், அனுப்பியவர் நீங்கள் கேள்விப்படாத பெயராக இருக்கும். பொதுவில் கிடக்கும் முகவரியைப் பொறுக்கி அனுப்புகிறார்கள். புதுப் பொருளாளர் நல்ல மனத்தோடு கட்டிவிடுவார். ரெஜிஸ்ட்ராரின் பெயரையும் கட்டணம் கட்டும் வழியையும் எழுதிக் கணக்குக் கோப்பின் முதல் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

தளத்தில் எதைக் காட்ட வேண்டும்

இவ்வளவு மறைத்துவிட்டு, "எங்களைப் பற்றி" பக்கத்தையும் காலியாக விட்டால் நன்கொடையாளர் சந்தேகப்படுவார், படத்தான் வேண்டும். அமைப்பின் சட்டப் பெயர், பதிவு எண், பதிவு செய்த அதிகார அமைப்பு, கடித முகவரி, ஆண்டுக் கணக்கு இவையெல்லாம் தாராளமாக இருக்கட்டும். பொறுப்பாளர் பெயர்களைக் காட்டுவது சட்டப்படி தேவையென்றால் காட்டத்தான் வேண்டும். பெயரும் பொறுப்பும் போதும், வீட்டு விவரம் வேண்டாம். சட்டம் வீட்டு முகவரியையே பொதுப் பதிவேட்டில் கேட்கிற இடங்களில், ஆபத்துள்ளவர்களுக்கு விலக்கு உண்டா என்று அந்த அதிகார அமைப்பிடமே எழுதிக் கேளுங்கள்.

ஆள் மாறும்போது

அந்த மர அமைப்பிலிருந்து நான் விலகி மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒருநாள் இரவு பயணத்தில் இருந்தபோது அறியாத எண்ணிலிருந்து அழைப்பு. "சார், நான் புதுச் செயலாளர் பேசுகிறேன். உங்கள் போனுக்கு இப்போது ஓர் ஓடிபி வந்திருக்கும், கொஞ்சம் சொல்ல முடியுமா? டொமைன் நாளையோடு முடிகிறது." குறுஞ்செய்தி வந்துதான் இருந்தது. பேசுவது செயலாளர்தானா, யாரோ ஒருவரா என்று தெரிந்துகொள்ள என்னிடம் எந்த வழியும் இல்லை. சொல்ல மாட்டேன் என்று வைத்துவிட்டேன். பழைய தலைவரை எழுப்பிப் பேசி, அவர் ஆளை உறுதி செய்து, மூவரும் ஒரே அழைப்பில் சேர்ந்து பணத்தைக் கட்டி முடித்தபோது மணி பன்னிரண்டரை. அதே அழைப்பில், வைப்பதற்கு முன்பே, கணக்கிலிருந்து என் எண்ணை எடுத்துவிட்டு அமைப்பின் எண்ணைப் போட வைத்தேன். அது மூன்று நிமிட வேலை.